சேக்காளி கூட்டாளி ஆனால்...

போன வாரம் சென்னையிலிருந்து என் மகள்வயிற்றுப் பேரன் போன் பண்ணினான். வேலையை விடப் போகிறானாம். கல்லூரியில் கூடப் படித்த பையனும் இவனும் சேர்ந்து பொம்மைப் படம், விளம்பரப் படம் செய்துகொடுக்கும் கம்பெனி ஒன்று ஆரம்பிக்கப் போகிறார்களாம். அந்தப் பையன் படம் வரைவான், இவன் கதை எழுதுவான். "தாத்தா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். அவன் கேட்டது யோசனை மட்டும் இல்லை, கொஞ்சம் பணமும்தான் என்பது பிறகு புரிந்தது.

"ஏம்ல, எல்லாம் யோசிச்சுத்தான் சொல்லுதியா?" என்றேன்.

"பத்து வருஷப் பழக்கம் தாத்தா. நாங்க சண்டையே போட்டது கிடையாது" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. சண்டையே போட்டதில்லை என்று இதே ராதாபுரத்தில் ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்ம பக்கத்தில் சிநேகிதனுக்குச் 'சேக்காளி' என்று பெயர். அவனோடு சேர்ந்து தொழில் செய்தால் அவன் 'கூட்டாளி'. ஒரே சொத்தில் பங்கு உள்ளவன் 'பங்காளி'. சேக்காளியோடு சண்டை வந்தால் நாலு நாள் பேச மாட்டோம். பங்காளியோடு சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போவோம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் கூட்டாளி. எந்தப் பக்கம் சாய்வான் என்று ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது.

பேரனுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபோது, நான் படித்தும் கேட்டும் அறிந்த இரண்டு கதைகள் நினைவுக்கு வந்தன. இரண்டும் பத்திரிகைக் கதைகள். இரண்டுக்கும் நம்ம திருநெல்வேலிச் சீமையோடு தொடர்பு உண்டு.

முதல் கதையில் வருகிறவர் தென்காசி டி.எஸ்.சொக்கலிங்கம். 1899-ல் பிறந்தவர். 'காந்தி' என்ற பெயரில் காலணாவுக்கு ஒரு பத்திரிகை நடத்தியவர். சென்னையில் அவருக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் கே.சீனிவாசன், பிற்காலத்தில் 'ஸ்டாலின்' சீனிவாசன் என்று அழைக்கப்பட்டவர். இன்னொருவர் வ.ரா. என்ற வ.ராமசாமி, பாரதியாரோடு புதுச்சேரியில் பழகியவர். லண்டனிலிருந்து வரும் 'அப்சர்வர்' போலத் தமிழில் ஒரு வாரப் பத்திரிகை வேண்டும் என்பது சீனிவாசனின் ஆசை. மூன்று பேரும் கூடிப் பேசி, 1933 செப்டம்பர் 17-ம் தேதி 'மணிக்கொடி'யின் முதல் இதழைக் கொண்டுவந்தார்கள்.

மூவருமே நல்ல எழுத்தாளர்கள். மூவருமே தேசபக்தர்கள், ஜெயிலைப் பார்த்தவர்கள். பத்திரிகையும் அருமையான பத்திரிகைதான். ஆனால் அந்த வீட்டில் மூன்று பேனா இருந்தது, பணப்பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை. எழுதியதை விற்றுக் காசாக்கி, காகிதக் கடைக்காரருக்கும் அச்சகத்துக்கும் கொடுப்பதும் ஒரு முழுநேர வேலை. அந்த வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல எழுத்தும் பத்திரிகையைத் தாங்காது.

ஓராண்டு முடிவதற்குள் 1934 செப்டம்பரில் 'தினமணி' தொடங்கியது. சொக்கலிங்கம் அதன் ஆசிரியராகப் போனார். சீனிவாசன் பம்பாய்க்குப் போனார். வ.ரா. கொழும்புக்குப் போய் 'வீரகேசரி'யில் ஆசிரியரானார். 1935-ல் பி.எஸ்.ராமையா மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றி நடத்தினார். இன்று மணிக்கொடி என்றதும் நமக்கு நினைவு வருகிற பெயர்கள் புதுமைப்பித்தன், கு.ப.ரா., பிச்சமூர்த்தி, மௌனி. ஆரம்பித்த மூன்று நண்பர்களில் ஒருவரும் அப்போது அங்கே இல்லை. அதுவும் 1939 வாக்கில் நின்றுபோயிற்று.

தமிழ்ச் சிறுகதைக்கு மணிக்கொடி செய்தது பெரிய காரியம். அதில் சந்தேகமில்லை. ஆனால் என் பேரன் கேட்டது தொழிலைப் பற்றி. தொழிலாகப் பார்த்தால் மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய கடை ஒன்றரை வருஷத்தில் கைமாறிப் போனது.

நம்ம புதுமைப்பித்தனும் பிற்காலத்தில் இதே குழியில் விழுந்தார். தாயார் பெயரில் 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று ஒரு படக் கம்பெனி ஆரம்பித்தார். குற்றாலக் குறவஞ்சிக் கதையை 'வசந்தவல்லி' என்ற பெயரில் படமாக எடுப்பது திட்டம். படம் வெளிவரவே இல்லை. பிறகு வேறொருவர் படத்துக்கு வசனம் எழுதப் புனாவுக்குப் போய், காச நோயோடு திரும்பி, 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 42. பேனா பிடித்த கையே பெட்டிச்சாவியையும் பிடிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

இனி இரண்டாவது கதை. இது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் தொழில் நடத்திய கதையாக இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்த ரா.கிருஷ்ணமூர்த்தி, ஒத்துழையாமை இயக்கத்தில் சேருவதற்காகப் பள்ளிக்கூடப் படிப்பை உதறிவிட்டு ஜெயிலுக்குப் போனார். திருச்சியில் காங்கிரஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, தன்னைவிட மூன்று வயது இளைய டி.சதாசிவம் பழக்கமானார். அவரும் படிப்பை விட்டுக் கதர் மூட்டையைத் தூக்கியவர். கிருஷ்ணமூர்த்தி பிறகு திரு.வி.க.வின் 'நவசக்தி'யிலும், திருச்செங்கோட்டில் ராஜாஜியின் ஆசிரமத்தில் 'விமோசனம்' பத்திரிகையிலும் வேலை செய்துவிட்டு, 'ஆனந்த விகடனு'க்கு ஆசிரியராக வந்தார். சதாசிவமும் விகடனுக்கு வந்து விளம்பரப் பகுதியைக் கவனித்தார். ஒருவர் எழுத, இன்னொருவர் விளம்பரம் பிடித்துவர, இருவரும் வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு வேலை பழகினார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். சொந்தக் கடை திறக்கும் முன் ஒருவர் வேலையை ஒருவர் பல வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

1941-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொள்வதற்காகக் கிருஷ்ணமூர்த்தி விகடனை விட்டு விலகி மறுபடியும் ஜெயிலுக்குப் போனார். மூன்று மாதம் கழித்து வெளியே வந்தபோது கையில் வேலை இல்லை. வயது 41. குடும்பம் இருக்கிறது. உலகப் போர் நடக்கிறது, காகிதம் கிடைப்பதே பாடு. அந்த நேரத்தில்தான் இரண்டு நண்பர்களும் சொந்தப் பத்திரிகை ஆரம்பிக்கத் துணிந்தார்கள். 1941 ஆகஸ்ட் 1-ம் தேதி 'கல்கி' வந்தது.

முதலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சதாசிவம் அதற்கு முந்தின ஆண்டுதான், 1940 ஜூலையில், திருநீர்மலைக் கோயிலில் எம்.எஸ்.சுப்புலட்சுமியை மணந்திருந்தார். அந்த அம்மாள் 'சாவித்திரி' என்ற படத்தில் நாரதர் வேஷம் போட்டு நடித்தார்கள். கதாநாயகி சாவித்திரியாக வந்தவர் மராத்தி நடிகை சாந்தா ஆப்தே. 'சகுந்தலை'யில் கதாநாயகியாக நடித்துப் பேர் வாங்கிய எம்.எஸ்., அடுத்த படத்தில் ஆண் வேஷம் கட்டியதற்குக் காரணம், பத்திரிகைக்குப் பணம் வேண்டும் என்பதுதான். 'சாவித்திரி' வந்ததும் அதே 1941-ல்.

ஆகவே கல்கி பத்திரிகையை இரண்டு நண்பர்கள் ஆரம்பித்தார்கள் என்று நாம் சொன்னாலும், அதில் மூன்றாவது கூட்டாளி ஒருவர் உண்டு. நம் ஊரிலும் அப்படித்தானே? இரண்டு சேக்காளிகள் சேர்ந்து கடை போட்டார்கள் என்பார்கள். முதல் எது என்று விசாரித்தால், யாரோ ஒரு பெண்பிள்ளையின் கழுத்துச் சங்கிலி வள்ளியூரில் அடகுக் கடையில் இருக்கும்.

இப்போது வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். பத்திரிகைக்கு வைத்த பெயர் கிருஷ்ணமூர்த்தியின் புனைபெயர். வாசகர்கள் கடையில் போய்க் கேட்டது அவருடைய கதையைத்தான். 'பார்த்திபன் கனவு' முதலாண்டிலேயே தொடங்கியது. பிறகு 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை', 1950-லிருந்து 'பொன்னியின் செல்வன்'. வெளியீடு, விளம்பரம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் சதாசிவம். அட்டையில் நண்பர் பெயர் வாரம் தவறாமல் பெரிய எழுத்தில் வருகிறதே என்று சதாசிவம் மனம் சுருங்கியிருந்தால் பத்திரிகை நின்றிருக்காது. பெட்டிச்சாவி அவரிடம் இருக்கிறதே என்று கிருஷ்ணமூர்த்தி நினைத்திருந்தாலும் நின்றிருக்காது.

சதாசிவம் 'மீரா' படம் எடுத்தபோது கிருஷ்ணமூர்த்தி பாட்டு எழுதினார். 'காற்றினிலே வரும் கீதம்' அவர் எழுதியதுதான். 1945-ல் வந்த அந்தப் படத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் டூரிங் கொட்டகையில் பார்த்துவிட்டு வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்ததாக என் தகப்பனார் சொல்வார். எட்டயபுரத்தில் பாரதிக்கு மண்டபம் கட்ட வேண்டும் என்று கிருஷ்ணமூர்த்தி பத்திரிகையில் எழுதி நிதி திரட்டியபோது, அதே பத்திரிகையின் பலம் பின்னால் நின்றது. 1945-ல் அடிக்கல், 1947-ல் திறப்பு, இரண்டுக்கும் வந்தவர் ராஜாஜி. எட்டயபுரம் அப்போது நம்ம திருநெல்வேலி ஜில்லா. தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-ல்தானே.

இந்த இரண்டு நண்பர்களுக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் நெருக்கம். ரசிகமணி டி.கே.சி.யைச் சொல்கிறேன். வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியும், பிறகு குற்றாலத்து வீடும், ராஜாஜி, கல்கி, சதாசிவம், எம்.எஸ். எல்லோரும் வந்து தங்கிக் கம்பனைக் கேட்ட இடங்கள். தொழில் செய்யும் இரண்டு பேருக்குத் தொழிலைப் பற்றிப் பேசாமல் சேர்ந்து உட்கார ஒரு இடம் வேண்டும். இல்லாவிட்டால் கணக்கைத் தவிர அவர்களுக்குள் பேசுவதற்கு வேறு விஷயமே இல்லாமல் போய்விடும். குற்றாலம் அவர்களுக்கு அப்படி ஒரு இடமாக இருந்தது என்பது என் எண்ணம்.

1954 பிப்ரவரியில் டி.கே.சி. காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி கல்கியும் போய்விட்டார். 55 வயதுதான். ஒருவருடைய பேனாவை நம்பி, அவர் பெயரையே வைத்து நடக்கிற பத்திரிகை. பேனா போய்விட்டது. பெட்டிச்சாவி வைத்திருப்பவர் மட்டும் மிச்சம். பத்திரிகையை மூடிவிட்டு எம்.எஸ்.ஸின் கச்சேரிகளைக் கவனித்துக்கொண்டு சதாசிவம் நிம்மதியாக இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் மூடவில்லை. நம்ம மீனாட்சிபுரம் மீ.ப.சோமு ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். கல்கி பாதியில் விட்டுப்போன 'அமரதாரா'வை, அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடிக்க, அது பத்திரிகையில் வந்தது. 'பொன்னியின் செல்வன்' புதிய தலைமுறைக்காகத் திரும்பத் திரும்பத் தொடராக வந்தது. பின்னர் கல்கியின் மகன் ராஜேந்திரன் ஆசிரியரானார். சதாசிவத்தின் மகள் விஜயாவை மணந்ததும் அந்த ராஜேந்திரன்தான். திருச்சிக் காங்கிரஸ் அலுவலகத்தில் சேக்காளிகளாகத் தொடங்கி, பத்திரிகையில் கூட்டாளிகளாகி, ஒருவர் போன பிறகும் உறவு விடாமல் சம்பந்திகளாகி விட்டார்கள்.

இதற்குச் சதாசிவம் கொடுத்த விலை சின்னதில்லை. கீழ்ப்பாக்கத்தில் 'கல்கி தோட்டம்' என்று பெரிய இடத்தில் வாழ்ந்த குடும்பம், 1970-களில் பணநெருக்கடியில் அதை விட்டு நுங்கம்பாக்கம் பக்கம் சிறிய வீட்டுக்குப் போக நேர்ந்தது. எம்.எஸ். ஊர் ஊராகப் பாடிய கச்சேரிப் பணத்தையோ தர்மத்துக்கென்று கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சதாசிவம் 1997-ல் காலமானார். பத்திரிகை அச்சில் வருவது நின்றது 2020-ல். கிட்டத்தட்ட 79 வருஷம்.

இனி என் கதை. இதற்கு ஒரு பக்கம் கூடத் தேவையில்லை.

1976-ல் வாத்தியார் வேலைக்குக் காத்திருந்த நாளில், நானும் என் சேக்காளியும் ராதாபுரத்தில் பெயர்ப்பலகை எழுதும் கடை போட்டோம். வரகுணபாண்டீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு ஒற்றை அறை, மாச வாடகை பதினைந்து ரூபாய். அவன் படம் போட்டால் முருகன் கண் திறந்து பார்ப்பார். எனக்கு எழுத்து சுமாராக வரும், கணக்கும் என் பொறுப்பு. லாரிக்குப் பின்பக்கம், சோடாக் கடை, திசையன்விளைச் சந்தைக்குப் போகிற மாட்டுவண்டிப் பலகை வரைக்கும் எழுதினோம். 1977-ல் பார்லிமெண்ட் தேர்தலும் சட்டசபைத் தேர்தலும் அடுத்தடுத்து வர, சுவர் சுவராக எழுதினோம். எல்லாக் கட்சிக்கும் எழுதினோம், எல்லோரிடமும் பாக்கி நின்றது.

கணக்கு என் பொறுப்பு என்றேனே தவிர, நான் அதோடு நிற்கவில்லை. அவன் வரைகிறபோது பின்னால் நின்று "மயிலுக்குக் கழுத்து நீளம்லே" என்பேன். அவனும் கையில் வந்த காசைச் சில சமயம் பெட்டியில் போடாமல் வீட்டுச் செலவுக்கு எடுப்பான், இரண்டு நாள் கழித்துச் சொல்வான். இரண்டு பேரும் மனசுக்குள் வைத்துக்கொண்டோம். சண்டையே போடவில்லை. அதைத்தான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் கணக்கில் 140 ரூபாய் இடித்தது. கடையில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போதே, "எடுத்தா எடுத்தேன்னு சொல்லுலே" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தூரிகையை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அடுத்த மாசம் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டான்.

கடையைக் காலி செய்யும்போது நோட்டை மறுபடி கூட்டிப் பார்த்தேன். பெயிண்டுக் கடைக்குக் கொடுத்த 140 ரூபாயை நான் பற்று எழுத மறந்திருந்தேன்.

கடிதம் போட்டேன். பதில் இல்லை. பல வருஷம் கழித்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தவன் வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்தோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். நோட்டைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். அவன், "பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் எழுதின சோடாக் கடை போர்டு இன்னும் இருக்குலே, பாத்தியா?" என்று பேச்சை மாற்றிவிட்டான். நான்கு வருஷத்துக்கு முன் பம்பாயிலேயே போய்ச் சேர்ந்தான். நான் சொல்ல வேண்டியது என்னிடமே தங்கிவிட்டது.

பேரனுக்கு நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. மூன்று காரியத்தை மட்டும் ஆரம்பிக்கும் முன் தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடச் சொன்னேன். எந்த வேலையில் யார் சொன்னால் முடிவு, அதில் மற்றவன் வாய் திறக்கக் கூடாது. சனிக்கிழமை தோறும் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் அன்றைக்கே தனியாக வைத்துக் கேட்க வேண்டும். பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது என்பதை இப்போதே, சிரித்த முகமாக இருக்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

பணம் அனுப்பியதோடு, திருநெல்வேலிக்குப் போன அன்று ஒரு நல்ல பேரேடும் வாங்கி அனுப்பினேன். கெட்டி அட்டை, சிவப்புத் துணி முதுகு.

"தாத்தா, இதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கு" என்று சிரித்தான்.

"இருக்கட்டும்லே. அந்தப் பையனையும் பக்கத்துல உக்கார வச்சு எழுது" என்றேன்.

முதல் பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டதைப் போட்டோ எடுத்து நேற்று ராத்திரி அனுப்பியிருக்கிறான். அந்தப் பையன் கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மயில் வரைந்திருக்கிறான். கழுத்து கொஞ்சம் நீளம்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.